சொந்தத் துண்டில் மண்வெட்டி பிடிக்கக் கூடாது

என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடு அதுதான் என்று இப்போது சொல்கிறேன். முன்பெல்லாம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நில அலுவலகத்துக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம், ஒரு மேசை, ஒரு நாற்காலி, மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு தார்ப்பாய். இதுதான் என் கடை. மனு எழுதிக் கொடுப்பது தொழில். இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. வயல் வேலைக்கு ஆகமாட்டேன் என்று என்னை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கால் நன்றாக இருந்திருந்தால் நானும் களை வெட்டிக்கொண்டு இருந்திருப்பேன், யார் குடியையும் கெடுத்திருக்க மாட்டேன். சரி, நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, என் அண்ணியைப் பற்றி.

அண்ணிக்கு ஊரில் 'முன்னேர்' என்று பெயர். ஆற்றங்கரையிலிருந்து ரயில் பாதை வரைக்கும் ஒரே ஆளுக்குச் சொந்தமான பெரிய பண்ணை ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்தது. சோளமும் வெங்காயமும் போடுவார்கள். அங்கே களை வெட்டுகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாத்தி பிடித்து, தோளோடு தோளாக முன்னே போவார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'வரிசை' என்று பெயர். முதல் பாத்தியைப் பிடிக்கிறவர் எந்த வேகத்தில் போகிறாரோ அந்த வேகத்தில் மற்றவர்களும் போயாக வேண்டும். முன் ஏர் போகிற வழியில்தானே பின் ஏர் போகும்? அண்ணி பதினெட்டு வயதில் முதல் பாத்தியைப் பிடித்தார். கண்காணி ஊதலை ஊதுவதற்குள் பாதிப் பாத்தி முடிந்திருக்கும். 'அந்தப் பொம்பளை போற வேகத்துக்குக் களையே பயந்து தானா வெளிய வந்துடும்' என்று கண்காணியே சொல்வாராம். பாராட்டு என்றால் அவ்வளவுதான், வாயால்.

என் அண்ணன் அந்தப் பண்ணையில்தான் செத்தார். மூட்டை ஏற்றிய வண்டி வரப்பில் சாய்ந்தது, அடியில் இவர். பண்ணையிலிருந்து ஒரு போர்வை கொடுத்தார்கள். போர்த்துவதற்கு. அண்ணி மூன்றாம் நாள் முதல் பாத்தியில் போய் நின்றார். மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்தப் போர்வையை அண்ணி யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் போர்த்திக்கொள்ளவில்லை.

பிறகு சட்டம் வந்தது. ஒரே ஆளிடம் அவ்வளவு நிலம் இருக்கக் கூடாது என்று அரசாங்கம் பண்ணையை எடுத்துத் துண்டு போட்டது. எங்கள் வரிசையில் இருந்த பதினொரு பேருக்கும் மனு எழுதியவன் நான். நல்லதுக்கும் நான்தான் எழுதினேன் என்பதையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஆளுக்கு இரண்டு ஏக்கர் கிடைத்தது. மேடை போட்டு, மைக்கில் பெயர் கூப்பிட்டு, உரிமைச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அண்ணி அதை மடிக்கவே இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்தால் சீட்டு கசங்கும் என்று வழியெல்லாம் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் என்மேல் வந்து விழுந்துகொண்டு நின்றார்.

வீட்டில் வந்து படித்துக் காட்டினேன். பின்பக்கத்தில் ஒன்பது நிபந்தனைகள். விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தரிசு போடக் கூடாது. ஏழாவது: நிலம் பெற்றவர் தம் கையாலேயே பயிர் செய்ய வேண்டும், கூலிக்கு ஆள் வைத்தோ பிறரிடம் விட்டோ பயிர் செய்தால் நிலம் அரசுக்குத் திரும்பும். எங்கள் பக்கத்தில் பண்ணைக்காரர்கள் கையில் மண் படாமலே நிலம் ஆண்டவர்கள். அந்த மாதிரி இன்னொருவன் முளைத்துவிடக் கூடாது என்று போட்ட நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

"இப்படி எத்தனை வருஷம்?" என்று அண்ணி கேட்டார்.

"பத்து வருஷம், அண்ணி. அதுக்கப்புறம் முழு உரிமை. யாரும் பிடுங்க முடியாது. உங்க மகளுக்கு எழுதி வைக்கலாம்."

"அப்ப நீ எண்ணிக்கிட்டே இரு தம்பி. நான் வெட்டிக்கிட்டே இருக்கேன்."

முதல் நாள் வேடிக்கையைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் பதினொரு பேரும் மண்வெட்டியோடு போய் அவரவர் துண்டில் நின்றார்கள். நின்றார்கள், அவ்வளவுதான். ஊதல் இல்லை, கண்காணி இல்லை, பக்கத்தில் தோள் இல்லை. இருபது வருடம் கூட்டமாகவே குனிந்தவர்களுக்குத் தனியாக எப்படிக் குனிவது என்று தெரியவில்லை. வெயில் ஏறுகிறது, ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. எங்கள் வரிசையில் 'சத்தம்' என்று ஒருவர் உண்டு. வாயைத் திறக்கவே மாட்டார், அதனால் அந்தப் பெயர். அவர் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, சண்டை போட்ட ஓரகத்திங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில நிக்கிறீங்க? எல்லாரும் இங்க வாங்க! முதல்ல அந்தக் கடைசித் துண்டு. அடுத்த நாள் அடுத்தது."

இப்படித்தான் முறை வந்தது. பதினொரு துண்டு, பதினொரு நாள். ஒரு நாளைக்கு ஒரு துண்டில் எல்லாரும். பண்ணையில் பழகிய அதே வரிசை, கண்காணி மட்டும் கிடையாது. எழுதி வைக்கவில்லை, யாரும் மறக்கவும் இல்லை. அண்ணி தன் துண்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கடைசி நாளில்தான் வம்பு. தன் துண்டு என்றதும் அண்ணிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முதல் பாத்தியைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேர் வரப்பில் விழுந்து வாந்தி எடுத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை. வரிசையிலேயே குள்ளமான 'குட்டையம்மா' மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார்.

"பண்ணையில கண்காணிக்காக ஓடினோம். இங்க உனக்காக ஓடணுமா? சீட்டு வந்ததும் நீயும் பண்ணைக்காரி ஆயிட்டியாடி?"

அண்ணிக்கு முகம் செத்துப்போயிற்று. மண்வெட்டியைக் கீழே வைத்தார், வீட்டுக்குப் போனார். மத்தியானம் பத்துப் பேருக்கும் சமைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்:

"இனிமே அவங்கவங்க துண்டு முறை வர்ற அன்னைக்கு அவங்க மண்வெட்டி பிடிக்கக் கூடாது. வீட்டுல இருந்து சமைச்சு எடுத்துட்டு வரணும். சொந்த நிலத்துல நின்னா மனுசனுக்குப் புத்தி மாறிப்போகுது. எனக்கே மாறிப்போச்சு, பாத்தீங்கல்ல."

அவர் தன்மேல் கோபப்பட்டுத் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. பத்து வருடம் ஒருவரும் மீறவில்லை. சத்தத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை, சமைக்கவும் தெரியாது. அவர் வேகவைக்கும் உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் கல். அவர் முறை என்றால் 'வயித்தைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வா' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இருந்தாலும் சாப்பிடுவார்கள். அந்தப் பத்து வருடத்தில் அண்ணி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அரசாங்க உதவி என்று கேட்கிறீர்களா? வந்தது, வராமல் என்ன. முதல் வருடம் ஒரு பலகை வந்தது. 'வாய்க்கால் திட்டம்' என்று எழுதியிருந்தது. வாய்க்கால் வரவில்லை. பலகை துருப்பிடித்ததும் புதுப் பலகை வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஐந்தாவது வருடம் ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. மூன்று நாள் பயிற்சி. சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். தனித்தனியாகப் பயிர் செய்யாதீர்கள், கூட்டாகச் செய்யுங்கள், ஒற்றுமையே பலம் என்று ஒரே பாடம். அண்ணி எழுந்து கேட்டார்:

"நாங்க அஞ்சு வருஷமா அதைத்தானே அம்மா செய்றோம்? நீங்க இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, அப்படியானால் உங்கள் குழுவுக்கு உழவு இயந்திரம் வாங்கித் தர முடியும், ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுத யார் இருக்கிறார்? நான் இருக்கிறேன். நாலு வரி போதும் என்றார் அண்ணி. நான் விடுவேனா? அழகான கையெழுத்துக்காரனுக்கு நாலு வரி போதுமா? 'எங்கள் பதினொரு நிலமும் ஒரே நிலம். இது என்னுடையது, அது உன்னுடையது என்ற பேதமின்றி ஒருவர் நிலத்தில் அனைவரும் உழைக்கிறோம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். குட்டையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

இயந்திரம் வந்தது. மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். இரண்டு போகம் ஓடியது. பிறகு உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் போயிற்று. துறை ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும், நீங்கள் கை வைக்கக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். பயிற்சியம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். துறை ஆள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். இயந்திரத்தின் மேல் அண்ணி வெங்காயத் தாள் காயப்போடுவார். என் விண்ணப்பம் மட்டும் பத்திரமாக இருந்தது. அதன் நகல் ஒன்று நில அலுவலகத்துக்குப் போய், எங்கள் கோப்பில் தைக்கப்பட்டிருந்தது. அது எனக்குத் தெரியாது.

பத்தாவது வருடம். முழு உரிமைக்கு இன்னும் நான்கு மாதம். கடைசிச் சோதனைக்கு நில ஆய்வாளர் ஒருவர் வந்தார். இள வயது, கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குடைக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருக்கும். ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்துத் துண்டும் சுத்தமாக இருந்தன, ஆள் இல்லை. பதினோராவது துண்டில் பத்துப் பேர் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அண்ணியின் முறை.

"இது யாரோட நிலம்?"

"முன்னேர் அக்காவோடது" என்றார் குட்டையம்மா.

"அவங்க எங்க?"

"வீட்டுல. சமைக்கிறாங்க."

"வேலைக்கு வர மாட்டாங்களா?"

குட்டையம்மா சிரித்திருக்கிறார். "அவங்க துண்டுல அவங்க மண்வெட்டியே பிடிக்க மாட்டாங்க சார். அது கட்டுப்பாடு."

பெருமையாகத்தான் சொன்னார், பாவம். குடைக்காரர் குறித்துக்கொண்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், நன்றி சொன்னார், போனார். நிலத்துக்குச் சொந்தக்காரி வீட்டில் இருக்க, பத்துப் பேர் வெயிலில் குனிந்திருந்தால் அதற்கு என்ன பெயர்? பண்ணை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்.

இரண்டு வாரத்தில் அண்ணிக்கு நோட்டீஸ் வந்தது. ஏழாவது நிபந்தனையை மீறியதால் நிலம் ஏன் திரும்பப் பெறப்படக் கூடாது, நேரில் வந்து சொல்லவும். அந்த வாரமே மற்ற பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு கடிதம். அன்று அந்த நிலத்தில் என்ன முறையில் வேலை செய்தீர்கள், எழுத்தில் தரவும்.

அண்ணி பயப்படவே இல்லை. "பத்துப் பேர் சாட்சி இருக்கு தம்பி. வேலிக்கு ஓணான் சாட்சின்னு தள்ள முடியுமா? எல்லாரும் அரசாங்கமே சீட்டுக் கொடுத்த ஆளுங்க. நீ ஒண்ணும் எழுத வேணாம், நான் நேர்லயே சொல்லிக்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்."

நான் சாலையைத் தாண்டி அலுவலகத்துக்குள் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா, அவசரத்துக்கு என்னிடம் பேனா வாங்கிப்போகிறவர், கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே என் விண்ணப்பம். ஒருவர் நிலத்தில் அனைவரும் உழைக்கிறோம். என் 'ழ'வின் வால் கீழே இறங்கிச் சுருண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

"கூட்டாத்தான் செய்றோம்னு பத்துப் பேரும் எழுதிக் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் குமாஸ்தா. "அப்ப பதினொரு பேரும் அடுத்தவங்க கையால பயிர் செஞ்சதா ஆகும். அதுக்கு ஆதாரம் உங்க காகிதமே இருக்கு. பதினொண்ணும் போயிடும். கூலிக்கு வந்தோம்னு எழுதினா அந்த ஒண்ணு மட்டும் போகும். யோசிச்சுக்குங்க."

"வளர்ச்சித் துறைதானேங்க கூட்டாச் செய்யச் சொன்னது?"

"அது அந்தத் துறை. இது இந்தத் துறை."

வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒருவருக்கும் மனு எழுதவில்லை. மறுநாள் காலையில் குட்டையம்மா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, மைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குமாஸ்தா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு மூன்று பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் புருஷன்.

"அப்ப கூலிக்குன்னே எழுது" என்றார். "அவகிட்ட நீ சொல்லிடு. எனக்கு வாய் வராது."

எழுதினேன். மத்தியானம் இன்னொருவர் வந்தார். அடுத்த நாள் மூன்று பேர், ஆனால் சேர்ந்து அல்ல. ஒருவர் போகும் வரை இன்னொருவர் புளியமரத்துக்குப் பின்னால் நின்றார். பத்து வருடம் தோளோடு தோளாகப் போனவர்கள் என் மேசைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வாசகம், ஒரே அழகு. கடைசியாகச் சத்தம் வந்தார். என்ன எழுத என்று கேட்டேன். பேசவில்லை. எழுதிப் படித்துக் காட்டினேன். அதற்கும் பேசவில்லை. கட்டைவிரலை மையில் வைத்தார், காகிதத்தில் அழுத்தினார், விரலைத் துடைக்காமலே எழுந்து போனார்.

அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பையில் சோளக்கதிர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். 'பூ நல்லா பிடிச்சிருக்கு தம்பி, இந்தத் தடவை கதிர் பெருசா வரும், முழு உரிமை வந்ததும் ஓரத்துல ஒரு வீடு போட்டுடணும், வெளியூர்ல இருக்கிற மக வந்தா தங்க ஓர் அறை' என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் கதிரை உரித்துக்கொண்டே இருந்தேன். பயம், வேறொன்றும் இல்லை. கோழை நான்.

விசாரணை அன்று அண்ணி எண்ணெய் வைத்து வாரி, உரிமைச் சீட்டைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, எடுத்துக்கொண்டு வந்தார். அலுவலக அறையில் கோப்புக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு வாளி. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பெண் அதிகாரி. நான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேரும் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றார்கள். அண்ணி உள்ளே போகும்போது அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள ஒருவருக்கும் தைரியம் இல்லை.

"அம்மா, அன்னைக்கு என் முறை. எங்க வரிசையில என்ன வழக்கம்னா..."

"ஒரு நிமிஷம்மா" என்றார் அதிகாரி. பத்துக் காகிதத்தையும் மேசைமேல் பரப்பினார். "பத்துப் பேரும் கூலிக்கு வந்ததா எழுதிக் கொடுத்திருக்காங்களே."

அண்ணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கூட்டிப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. வால் சுருண்ட அந்த எழுத்தை அவருக்குத் தன் பெயர் தெரிகிற அளவுக்குத் தெரியும். உரிமைச் சீட்டுக்கு எழுதிய முதல் மனுவிலிருந்து பார்த்து வருகிறார். காகிதங்களைப் பார்த்தார். திரும்பி, பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். அப்புறம் கதவுக்கு வெளியே பார்த்தார். குட்டையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சத்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எழுதினது பொய்னு நீங்க நினைச்சா சொல்லுங்க" என்றார் அதிகாரி. அன்பாகத்தான் சொன்னார். "அப்படின்னா அங்க உண்மையில என்ன நடக்குதுன்னு பதினொரு கோப்பையும் நான் எடுத்துப் பார்க்க வேண்டி வரும்."

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அண்ணி சீட்டு உறையை மேசைமேல் வைத்தார்.

"இல்லீங்கம்மா. உண்மைதான். கூலிக்குத்தான் வந்தாங்க."

"எத்தனை நாளா?"

"அன்னைக்கு ஒரு நாள்தான். எனக்கு உடம்பு முடியல."

"ஒரு நாள்னாலும் நிபந்தனை நிபந்தனைதானேம்மா" என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

அங்கேயும் அவர்தான் முதல் பாத்தி. பத்து நிலத்தையும் இழுத்துக்கொண்டு கரையேற்றிவிட்டார். வெளியே வந்ததும் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. நான் மட்டும் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சாலை ஓரத்தில் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அப்படி எழுதச் சொல்லியிருப்பேனே தம்பி. எதுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு?"

நிலம் போனதுகூட ஒரு பக்கம். அவர் தன் கையால் கொடுத்திருக்க வேண்டியதை நாங்கள் திருடிக்கொண்டோம்.

நின்ற பயிரை அறுத்துக்கொள்ள விட்டார்கள். அதன் பிறகு துண்டின் நான்கு மூலையிலும் அரசாங்கக் கல். மற்ற பத்துப் பேருக்கும் முழு உரிமை வந்தது. மேடை, மைக், மாலை. கைதட்டல் கேட்டது என்றார்கள், நான் போகவில்லை. அடுத்த மாதம் வளர்ச்சித் துறையிலிருந்து அண்ணி பெயருக்கு ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தது. கூட்டுப் பயிர் முறையில் சிறந்த குழுத் தலைவி என்பதால், புதிதாக நிலம் பெற்றவர்களுக்கு அனுபவ உரை ஆற்ற அழைக்கிறோம், பயணப்படி உண்டு. கிழித்துப்போட்டேன். கிழித்த பிறகும் ஆத்திரம் அடங்காமல் மைப்பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். மறுநாள் புதுசு வாங்க வேண்டியதாயிற்று.

ஒரு நாள் அண்ணி அலுவலகத் தெருவுக்கு வந்தார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, என்னைத் தாண்டிப் போய்ப் பக்கத்து மேசைக்காரர் முன்னால் உட்கார்ந்தார். நிலமற்றோர் பட்டியலில் பெயர் சேர்க்க மனு. அந்த ஆளின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. அண்ணி அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார். ஏற்கனவே ஒரு முறை நிலம் பெற்றவர் என்று அந்த மனுவைத் திருப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வரிசை கலைந்துவிட்டது. சட்டப்படி இப்போது அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சேர்ந்து வேலை செய்யலாம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவரவர் துண்டில் அவரவர் தனியாகக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். பழகிவிட்டது போலிருக்கிறது.

போன வாரம் சத்தம் என் மேசைக்கு வந்தார். மனு எழுதவோ என்று காகிதத்தை எடுத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். நின்றபடியே பேச ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். களை மண்டிவிட்டதாம். வேறு வழியில்லாமல் அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றாராம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லையாம். அண்ணியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாராம். துண்டில் இறங்கியதும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இவரும் பக்கத்துப் பாத்தியில் குனிந்திருக்கிறார். அண்ணி நிமிர்ந்து பார்த்தாராம்.

"மண்வெட்டியைக் கீழ வையி. உன் துண்டு, நீ பிடிக்கக் கூடாது. போய்ச் சமையலைப் பாரு."

"யாராவது வந்து கேட்டா, அக்கா?"

"கூலிக்கு வந்தேன்னு சொல்றேன். இப்ப அது பொய் இல்லையே."